உடலில் பொருத்தும் டிஃபிப்ரிலேட்டரை எத்தனை ஆண்டுகள் நம்பலாம்? நீண்டகாலப் பயனர் ஒருவரின் மதிப்புரை

இதயத் துடிப்பு ஆபத்தாகத் தடுமாறும்போது மின் அதிர்ச்சி (ஷாக்) கொடுத்துச் சீராக்க நெஞ்சில் பொருத்தப்படும் டிஃபிப்ரிலேட்டரைப் பற்றி, பொருத்திய ஆறே மாதத்தில் எழுதப்படும் மதிப்புரையால் பெரிய பயன் எதுவும் இல்லை. தையல் ஆறியதா, கையை உயர்த்த முடிகிறதா, தோலுக்கடியில் பெட்டி துருத்திக்கொண்டு நிற்கிறதா என்பனவற்றை அது சொல்லும். ஏழாம் ஆண்டிலோ எட்டாம் ஆண்டிலோ தேவைப்படும் கணத்தில் அந்தக் கருவி வேலை செய்யுமா என்பதைச் சொல்லாது. நான் பத்தாண்டுகளுக்கும் மேலாக இந்தக் கருவியுடன் வாழ்கிறேன். பெட்டியை ஒருமுறை மாற்றியாகிவிட்டது. இதயத்துக்குள் போகும் கம்பி முதலில் வைத்ததேதான். இந்தக் காலம் முழுவதும் தயாரிப்பாளர்களின் செயல்திறன் அறிக்கைகளையும், திரும்பப்பெறும் அறிவிப்புகளையும், ஆய்விதழ்களில் வந்த முடிவுகளையும் விடாமல் படித்து வந்திருக்கிறேன். அவற்றிலிருந்து நான் வந்தடைந்த கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருவி உயிரைக் காக்கிறது என்பதில் ஐயமில்லை. பெட்டியும் பெரும்பாலும் நம்பகமானது. ஆனால் நீண்ட காலத்தில் எல்லாவற்றையும் தீர்மானிப்பவை இரண்டு: லீட் எனப்படும் அந்தக் கம்பி ஒன்று, பழுதுகளைத் தயாரிப்பாளர் எவ்வளவு நேர்மையாக எண்ணி, எவ்வளவு விரைவாக வெளியே சொல்கிறார் என்பது மற்றொன்று. விற்பனைக் கையேடுகளோ பேட்டரியின் ஆயுளைப் பற்றியும் பெட்டியின் மெல்லிய வடிவத்தைப் பற்றியுமே விரித்துப் பேசுகின்றன.

பெரும்பாலும் இடது காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில், 60 முதல் 80 கிராம் எடையுள்ள டைட்டானியம் பெட்டி வைக்கப்படுகிறது. பேட்டரி, உயர் மின்னழுத்தத்தைச் சேர்த்துவைக்கும் கெப்பாசிட்டர்கள், ஒரு சிறு கணினி ஆகியவை அதற்குள் இருக்கின்றன. அங்கிருந்து லீட் ஒரு சிரை வழியாக இதயத்தின் வலக் கீழறைக்குள் போய் நிற்கிறது. கருவி ஒவ்வொரு துடிப்பையும் கவனித்துக்கொண்டே இருக்கும். கீழறை ஆபத்தான வேகத்தில் துடிக்கத் தொடங்கினால், பல வேளைகளில் முதலில் வேகமான சிறு தூண்டல்களால் அதை அடக்கப் பார்க்கும். அடங்காவிட்டாலோ, துடிப்பு வெறும் நடுக்கமாகச் சிதைந்துவிட்டாலோ, சுமார் பத்து வினாடிகளுக்குள் 700 வோல்ட்டுக்கும் மேல் மின்னேற்றி 35 முதல் 40 ஜூல் வரையிலான ஷாக்கைச் செலுத்தும். பலருடைய கருவிகள் ஆண்டுக்கணக்கில் ஒரு ஷாக்கும் கொடுக்காமல் காத்திருக்கின்றன. இதன் நம்பகத்தன்மையை அளப்பது கடினமாக இருப்பதற்குக் காரணம் அதுதான். வேண்டிய நேரத்தில் ஷாக் வராமல் போவது பழுது. வேண்டாத நேரத்தில் வருவதும் பழுது. இவ்விரண்டையும் ஒரே கருவி பல ஆண்டுகள் தவிர்க்க வேண்டும்.

மிஷேல் மிரோவ்ஸ்கியும் மார்ட்டன் மோவரும் உருவாக்கிய முதல் கருவி 1980 பிப்ரவரியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. அது கால் கிலோவை நெருங்கிய பெட்டி; வயிற்றுப் பகுதியில் வைக்கப்பட்டது; அதற்கு மார்பையும் திறக்க வேண்டியிருந்தது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1985இல் ஒப்புதல் அளித்தது. 2005இல் வெளியான எஸ்சிடி-ஹெஃப்ட் ஆய்வு, இதயச் செயலிழப்பு உள்ள 2,521 பேரைப் பின்தொடர்ந்து, இந்தக் கருவி இறப்பு விகிதத்தை 23 சதவீதம் குறைத்ததைக் காட்டியது. கீழே நான் சொல்லும் குறைகளைப் படிப்பவர்கள் இந்த எண்ணை மறந்துவிடக் கூடாது. குறைகள் எல்லாவற்றையும் உள்ளடக்கிய பிறகும் கிடைத்த பலன் அது.

பேட்டரியைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. நான்கைந்து ஆண்டுகளில் பெட்டியை மாற்றிய காலம் போய், இன்றைய மாதிரிகள் பல எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் வரை தாங்குகின்றன. துடிப்பு மெதுவாகும்போது இதயத்தை எவ்வளவு நேரம் தூண்ட வேண்டியிருக்கிறது, எத்தனை முறை மின்னேற்ற வேண்டியிருக்கிறது என்பவற்றைப் பொறுத்து இது கூடும், குறையும். மாற்ற வேண்டிய காலம் நெருங்கியதும் கருவி ஒலி எழுப்பியோ அதிர்ந்தோ தெரிவிக்கும். அதிலிருந்து வழக்கமாகச் சுமார் மூன்று மாத அவகாசம் உண்டு. இந்த முன்னறிவிப்பு பொய்த்துப் போகவும் கூடும் என்பதை 2016 அக்டோபரில் வந்த எச்சரிக்கை காட்டியது. செயின்ட் ஜூட் நிறுவனம் 2015 மே மாதத்துக்கு முன் தயாரித்த சில மாதிரிகளில், பேட்டரிக்குள் லித்தியம் படிவுகள் திரண்டு குறுக்குச்சுற்றை உண்டாக்கின. அவ்வாறு நேர்ந்தால் மூன்று மாதம் நீடிக்க வேண்டிய மின்சாரம் ஒரே நாளிலும் தீர்ந்துவிடலாம். உலகெங்கும் ஏறத்தாழ 4 லட்சம் கருவிகள் அந்த அறிவிப்புக்கு உட்பட்டன. இரண்டு இறப்புகள் அதனுடன் தொடர்புபடுத்தப்பட்டன. பழுதை அறிந்திருந்தும் உரிய காலத்தில் தெரிவிக்கவில்லை என்ற குற்றச்சாட்டை 2021இல் 2.7 கோடி டாலர் கொடுத்து அந்நிறுவனம் அமெரிக்க நீதித்துறையுடன் தீர்த்துக்கொண்டது.

லீட்டின் நிலை வேறு. பெட்டி தோலுக்கடியில் அசையாமல் கிடக்கிறது. லீட்டோ நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை, ஆண்டுக்கு மூன்றரைக் கோடி முறைக்கும் மேலாக, துடிப்புக்குத் துடிப்பு வளைந்து நிமிர்கிறது. கையைத் தூக்கும்போதெல்லாம் காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையில் நசுங்கவும் கூடும். ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஓரிடத்தில் ஒடிவதைப் போல, உள்ளிருக்கும் உலோக இழை களைத்து முறியலாம். அல்லது மேலுறை தேய்ந்து மின்சாரம் கசியலாம். இழை முறியத் தொடங்கும்போது எழும் மின் இரைச்சலைக் கருவி அதிவேகத் துடிப்பாகத் தவறாகப் படித்துக்கொண்டு, நல்ல நினைவோடு உட்கார்ந்திருப்பவருக்கு அடுத்தடுத்து ஷாக் கொடுத்துவிடும். அந்த அனுபவத்துக்கு ஆளானவர்களோடு பேசியவர்கள், லீட்டைத் துணைப்பொருளாக நினைக்க மாட்டார்கள்.

2007இல் ஜெர்மனியிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வு 990 நோயாளிகளின் லீட்டுகளைப் பின்தொடர்ந்தது. ஐந்தாண்டு முடிவில் 85 சதவீத லீட்டுகள் பழுதின்றி இருந்தன. எட்டாண்டு முடிவில் 60 சதவீதமே இருந்தன. அவை 1992 முதல் 2005 வரை வைக்கப்பட்டவை என்பதால், இன்று நன்கு செயல்படும் லீட்டுகளுக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்துவது முறையன்று. ஆயினும் அந்த ஆய்வு காட்டிய போக்கு எனக்கு முக்கியமாகப் படுகிறது: ஆண்டுகள் கூடக் கூட ஆண்டுதோறும் நிகழும் பழுதின் விகிதமும் கூடியது, பத்தாண்டான லீட்டுகளில் அது ஆண்டுக்கு 20 சதவீதத்தை எட்டியது. ஆகவே, முதல் மூன்றாண்டு நன்றாகப் போனது என்பதை வைத்துப் பத்தாம் ஆண்டைக் கணிக்க முடியாது.

அதே 2007ஆம் ஆண்டின் அக்டோபரில்தான் மெட்ரானிக் தன் ஸ்பிரிண்ட் ஃபிடெலிஸ் லீட்டின் விற்பனையை நிறுத்தியது. 2004இல் சந்தைக்கு வந்த அந்த லீட் சுமார் 2.2 மில்லிமீட்டர் தடிமன் மட்டுமே கொண்டது. சிரைக்குள் எளிதாக நுழையும் என்பதே அதன் சிறப்பாகச் சொல்லப்பட்டது. மூன்றாண்டுக்குள் உலகெங்கும் சுமார் 2,68,000 பேரின் உடலுக்குள் அது போய்ச் சேர்ந்திருந்தது. மினியாபோலிஸ் இதய நிறுவனத்தைச் சேர்ந்த மருத்துவர் ராபர்ட் ஹவுசரும் அவருடன் பணியாற்றியவர்களும் அதன் இழைகள் எதிர்பார்த்ததைவிட விரைவில் முறிவதைக் கண்டு அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே எச்சரித்திருந்தார்கள். அதே நிறுவனத்தின் ஸ்பிரிண்ட் குவாட்ரோ இதைவிடத் தடித்தது, பழையது. அதுவே நீண்ட காலம் நன்றாக உழைத்த லீட் என்று பெயர் பெற்றது. செயின்ட் ஜூட் நிறுவனத்தின் ரியாட்டா வேறு விதமாகப் பழுதானது. அதில் உள்ளிருக்கும் உலோக வடங்கள் அசைந்து அசைந்து சிலிக்கோன் உறையை உட்புறத்திலிருந்தே அறுத்துக்கொண்டு வெளியே வந்தன. ஊடுகதிர்ப் படத்தில் லீட்டிலிருந்து விலகிய வளையமாக அவற்றைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. அதன் விற்பனை 2010இன் இறுதியில் நின்றது. 2011 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதை மிகக் கடுமையான முதல் வகுப்புத் திரும்பப்பெறுதலாக வகைப்படுத்தியது.

திரும்பப்பெறுதல் என்ற அறிவிப்பைக் கேட்டதும், உடலுக்குள் இருப்பதை உடனே எடுத்துவிட வேண்டும் என்றே யாருக்கும் தோன்றும். உண்மையில் பெரும்பாலும் மருத்துவர்கள் எடுக்கச் சொல்வதில்லை. அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. ஓராண்டுக்கு மேலான லீட்டைச் சிரையின் சுவரும் இதயத் தசையும் வடுத்திசுவால் பற்றிக்கொள்கின்றன. அதை லேசர் உறை போன்ற கருவிகளால் பிரித்தெடுக்க வேண்டும். அனுபவம் மிக்க மையங்களில் 1,449 பேருக்குச் செய்யப்பட்ட லீட் அகற்றலைத் தொகுத்து 2010இல் வெளியான ஆய்வில், 1.4 சதவீதத்தினருக்கு அந்தச் சிகிச்சையால் பெரும் சிக்கல் நேர்ந்தது. பெட்டியை மட்டும் மாற்றுவதும் சிறிய காரியமன்று. அதே ஆண்டில் வந்த ரிப்ளேஸ் ஆய்வில், பெட்டி மாற்றியவர்களில் 4 சதவீதத்தினருக்கும், கூடவே புதிய லீட் வைக்கவும் திட்டமிடப்பட்டவர்களில் 15.3 சதவீதத்தினருக்கும் ஆறு மாதத்துக்குள் பெரும் சிக்கல்கள் ஏற்பட்டன. ஒரு மாதிரியின் பழுது ஆயிரத்தில் ஒன்று என்றால், அதைத் தவிர்ப்பதற்காக நூற்றில் நான்கு என்ற ஆபத்தை ஏற்பது கணக்குக்கு ஒவ்வாது. முழுக்கவும் கருவியின் தூண்டலையே நம்பியிருப்பவருக்கும், முன்பே ஷாக்கால் உயிர் பிழைத்தவருக்கும் இந்தக் கணக்கு மாறும். ஆகவே அறிவிப்பு வந்தால் கேட்க வேண்டிய கேள்வி, 'எடுக்கலாமா?' என்பதைவிட, 'என் நிலையில் எந்த ஆபத்து பெரியது?' என்பதே.

சில வேளைகளில் கத்தியே படாமல் தீர்வு கிடைக்கிறது. 2023இல் மெட்ரானிக், 2017 ஜூலைக்குப் பின் தயாரித்த, குறிப்பிட்ட கண்ணாடி இணைப்புப் பகுதி கொண்ட 3,48,616 கருவிகளைப் பற்றி அறிவித்தது. அவற்றில் ஷாக் கொடுக்கும் தருணத்தில் குறுக்குச்சுற்றுப் பாதுகாப்பு தவறாக விழித்துக்கொண்டு, ஷாக்கின் ஆற்றலைக் குறைத்துவிடவோ அறவே நிறுத்திவிடவோ கூடும். அறிவிப்பின்போது பதிவாகியிருந்த நிகழ்வுகள் 28. இறப்பு எதுவும் இல்லை. மின்சாரம் பாயும் திசையை மாற்றி அமைப்பதே முதல் பரிந்துரையாக இருந்தது. அதைச் சாதாரணப் பரிசோதனையின்போதே செய்துவிடலாம். எண்ணிக்கை சிறியதாக இருக்கும்போதே சொன்னதையும், கையோடு வழியைச் சொன்னதையும் நான் நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

ஏனென்றால் இதற்கு நேர்மாறாக நடந்ததும் உண்டு. கைடன்ட் நிறுவனத்தின் வென்டாக் பிரிசம் 2 கருவியில் ஒரு கம்பியின் காப்புறை சிதைந்து, ஷாக் கொடுக்க முற்படும்போது குறுக்குச்சுற்று ஏற்பட்டுக் கருவியே செயலிழந்தது. நிறுவனம் 2002இலேயே இந்தக் குறையை அறிந்து வடிவமைப்பைத் திருத்தியது. ஆனால் மருத்துவர்களுக்குச் சொல்லவில்லை. திருத்தப்படாத கருவிகளின் விற்பனையும் தொடர்ந்தது. 2005 மார்ச்சில் 21 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் இறந்தார். அவருடைய கருவியில் இந்தப் பழுதே நிகழ்ந்திருந்தது. ஹவுசரும் அம்மாணவரின் மருத்துவரான பாரி மாரனும் நிறுவனத்தை வற்புறுத்திப் பயனில்லாமல் போகவே, நாளிதழ் வழியாக விஷயம் வெளியே வந்தது. பிறகு நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2011 ஜனவரியில் 29.6 கோடி டாலருக்கு மேல் அபராதம் விதிக்கப்பட்டது. பொருட்களில் குறை நேர்வது இயல்பு. குறையை அறிந்தவர் மூன்றாண்டு மௌனமாக இருந்ததும், அந்த மூன்றாண்டில் அதே மாதிரி புதிய உடல்களுக்குள் பொருத்தப்பட்டதுமே என்னால் ஏற்க முடியாதவை.

இன்று முக்கியத் தயாரிப்பாளர்கள் செயல்திறன் அறிக்கைகளைத் தொடர்ந்து வெளியிடுகிறார்கள். எவரும் இணையத்தில் படிக்கலாம். ஒவ்வொரு மாதிரிக்கும், ஆண்டுவாரியாக எத்தனை சதவீதம் பழுதின்றி இருக்கிறது என்ற வளைகோடு அவற்றில் இருக்கும். படிக்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, வளைகோட்டின் கடைசி ஆண்டில் உண்மையில் எத்தனை கருவிகள் கணக்கில் எஞ்சியிருக்கின்றன என்பது. தொடக்கத்தில் பல்லாயிரமாக இருந்தது இறுதியில் சில நூறாகிவிட்டால், அந்த முனையில் காட்டப்படும் சதவீதத்துக்கு உறுதி குறைவு. இரண்டாவது, எண்ணிய முறை. தயாரிப்பாளருக்குத் திரும்பி வந்தவற்றையும் புகாராக வந்தவற்றையும் மட்டும் எண்ணினால் பழுதுகள் குறைவாகவே தெரியும். குறிப்பிட்ட மருத்துவமனைகளில் ஒவ்வொரு நோயாளியையும் தொடர்ந்து பின்தொடர்ந்து எண்ணினால் உண்மைக்கு அருகில் வரும். லீட்டைப் பொறுத்தவரை இவ்வேறுபாடு பெரியது, ஏனெனில் பழுதான லீட் பெரும்பாலும் உடலுக்குள்ளேயே விடப்படுகிறது. ஆய்வகத்துக்குத் திரும்புவதே இல்லை.

இந்த அறிக்கைகளைப் பயன்படுத்த, உடலுக்குள் இருப்பது எந்த மாதிரி என்பது முதலில் தெரிய வேண்டும். எனக்குக் கொடுக்கப்பட்ட அடையாள அட்டையில் பெட்டியின் மாதிரி எண் மட்டுமே இருந்தது; லீட்டின் பெயரும் எண்ணும் இருக்க வேண்டிய கட்டம் காலியாக விடப்பட்டிருந்தது. அறுவைக் குறிப்பின் நகலைப் பலமுறை கேட்டுப் பெற்ற பிறகே அதை அறிந்துகொண்டேன். ரியாட்டா, ஃபிடெலிஸ் போன்ற அறிவிப்புகள் வரும்போது நோயாளி தேட வேண்டிய முதல் தகவலையே ஒரு மருத்துவமனை எழுதாமல் விட்டது சிறிய கவனக்குறைவு என்று என்னால் கருத முடியவில்லை.

பரிசோதனையின்போது, கருவியின் பதிவுகளைப் படிக்கும் புரோகிராமர் என்ற கணினியின் தலைப்பகுதியை நெஞ்சின் மேல் வைத்ததும் திரையில் வரும் எண்களில் நான் முதலில் பார்ப்பது லீட்டின் மின்தடையை. அது எத்தனை ஓம் என்பதைவிட, சென்ற முறைக்கும் இந்த முறைக்கும் இடையே திடீரென்று துள்ளியதா என்பதே கேள்வி. இழை முறிந்தால் ஏறும், உறை தேய்ந்தால் இறங்கும். அடுத்து, இதயத்தால் இயலாத அளவு குறுகிய இடைவெளியில் பதிவான துடிப்புகளின் எண்ணிக்கை. பழுதின் முதல் அடையாளம் பல வேளைகளில் அங்கேதான் தோன்றும். ஒருமுறை அந்த எண் கூடியிருந்தது. தொழில்நுட்ப வல்லுநர் என்னை இரு உள்ளங்கைகளையும் ஒன்றோடொன்று அழுத்தச் சொன்னார். இடக்கையைத் தலைக்கு மேலும் முதுகுக்குப் பின்னும் கொண்டுபோகச் சொன்னார். ஆழமாக மூச்சிழுக்கச் சொன்னார். பெட்டி இருக்கும் இடத்தை விரல்களால் மெல்ல அசைத்தார். அந்த நேரமெல்லாம் அவர் கண் திரையில் ஓடிய மின்வரைவை விட்டு அகலவில்லை. இரைச்சல் எதுவும் தென்படவில்லை. அடுத்தடுத்த தொலைக் கண்காணிப்புப் பதிவுகளிலும் எண் நிலையாகவே நின்றது. வீட்டில் வைக்கும் அனுப்பி வழியாக இத்தகைய மாற்றங்கள் தாமாகவே மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதை, இந்தக் கருவியின் வரலாற்றில் நேர்ந்த மிகப் பெரிய முன்னேற்றங்களுள் ஒன்றாகக் கருதுகிறேன். படுக்கைக்கு அருகில் அதை வைத்து, மின்னிணைப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது பயனரின் பொறுப்பு.

தேவையற்ற ஷாக்குகளில் ஒரு பகுதிக்குப் பொருளின் பழுது காரணமே அன்று, அமைப்பே காரணம். 1,500 பேரைக் கொண்ட மாடிட்-ரிட் ஆய்வு, கருவி தலையிடும் வேக வரம்பை உயர்த்தினாலோ, தலையிடுமுன் அதிக நேரம் காத்திருக்கச் செய்தாலோ, தேவையற்ற சிகிச்சையும் இறப்பும் குறைவதை 2012இல் காட்டியது. தங்கள் கருவி எந்த வேகத்தில், எவ்வளவு நேரத்துக்குப் பின் தலையிடும்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்பதை எல்லாப் பயனர்களும் கேட்டறியலாம்.

லீட்டே சிக்கல் என்றால், அதை இதயத்துக்குள் விடாமலேயே இருக்கலாமே என்ற எண்ணத்தில் பிறந்தது, கம்பியும் தோலுக்கடியிலேயே இருக்கும் தோலடி டிஃபிப்ரிலேட்டர். அமெரிக்காவில் 2012இல் ஒப்புதல் பெற்றது. 849 பேரை ஒப்பிட்ட பிரிட்டோரியன் ஆய்வு 2020இல் வெளியானது. லீட் தொடர்பான சிக்கல்கள் தோலடி வகையில் 1.4 சதவீதம், சிரை வழி வகையில் 6.6 சதவீதம், தேவையற்ற ஷாக்குகள் முறையே 9.7, 7.3 சதவீதம். இளம் வயதில் பொருத்திக்கொள்பவர்களுக்கு, பல பத்தாண்டுகள் சிரைக்குள் கம்பி இருக்க வேண்டாம் என்பது வலுவான காரணம். அவர்களுக்கு நான் இந்த வகையையே முதலில் பரிசீலிக்கச் சொல்வேன். இதயத்தை நெடுநேரம் தூண்ட வேண்டியவர்களுக்கு இது பொருந்தாது. இதன் மின்முனைக் கம்பியின் ஒரு மாதிரியும் முறிவுக்காக எச்சரிக்கைக்கு உள்ளாகியிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

புதிதாகப் பொருத்திக்கொள்ளப் போகிறவர் மருத்துவரிடம் லீட்டின் மாதிரியைக் கேட்டு, அது எத்தனை ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இருக்கிறது, பத்தாண்டு வளைகோடு உண்டா என்று அறிந்துகொள்ளட்டும். பெட்டி புதிய மாதிரியாக இருக்கலாம், லீட் நீண்ட பதிவு உள்ளதாக இருப்பதே நல்லது. பெட்டி மாற்றும் நாள் நெருங்குபவர், பழைய லீட்டை அப்படியே வைத்துக்கொள்வதா, அதன் வயதுக்கும் மாதிரிக்கும் மாற்று வேண்டுமா என்ற முடிவை அறுவைக்கு முன்பே பேசி எடுக்க வேண்டும். எடுத்த பெட்டி தயாரிப்பாளரின் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். என் பழைய பெட்டிக்கு அவ்வாறு கேட்டேன். பேட்டரி இயல்பான முறையில் தீர்ந்தது, மின்சுற்று சரியாக இயங்கியது என்ற அறிக்கை சில மாதங்களில் கைக்கு வந்தது.

இறப்புக்குப் பிந்தைய நிலையையும் குடும்பத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். தகனத்தின் சூட்டில் பேட்டரி வெடிக்கும் என்பதால் கருவியை முன்பே அகற்றிவிடுவார்கள். அகற்றியதில் பெரும்பகுதி யாராலும் படிக்கப்படாமல் அப்புறப்படுத்தப்படுகிறது. திடீரென இறந்த ஒருவரின் கருவி கடைசி நிமிடங்களில் துடிப்பைச் சரியாக அறிந்ததா, ஷாக் கொடுத்ததா, கொடுத்தும் பலிக்கவில்லையா என்பது அதன் நினைவகத்தில் பதிவாகியிருக்கும். அதைப் படித்தால்தான் அந்த இறப்பு பழுதுக் கணக்கில் சேருமா சேராதா என்பது தெரியவரும். அதைத் திருப்பி அனுப்புவதற்கான பெட்டகத்தைப் பெரிய தயாரிப்பாளர்கள் கட்டணமின்றியே தருகிறார்கள். கருவியைப் பொருத்திய மருத்துவமனையிடம் சொன்னால் வரவழைத்துக் கொடுப்பார்கள்.